மூன்றாவது லென்ஸ்

ஒரு மனிதன் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்வி, நுவரெலியாவிலிருந்து கொட்டகலைக்கு வரும் பஸ்ஸில், மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் வைத்து சுதாகரனுக்குப் பிறந்தது. தலவாக்கலை வருவதற்குள் விடையும் பிறந்துவிட்டது. தேர்ந்தெடுக்க வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொள்வது.

மடியில் இருந்த துணிப்பைக்குள் அந்த இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. இரண்டு பழைய லென்ஸ்கள். அவர் வயதை விட மூத்தவை. இரண்டும் அகலமாகப் படம் பிடிப்பவை.

சுதாகரன் கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கர், தேயிலைத் தயாரிப்புக்கு முழுப் பொறுப்பு. அங்கே எல்லோரும் பயப்படுவது அவருடைய மூக்குக்குத்தான். வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத் தேயிலை சலிக்கிற அறைக்குள் நுழைந்த ஒரு பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். "தேயிலை கைப்பிள்ளை மாதிரி. பக்கத்துல எது இருக்கோ அதோட வாசத்தை அப்படியே வாங்கிக்கும்" என்று வாரம் ஒருமுறை பிரசங்கம் செய்வார். கேட்டுக் கேட்டு ஃபெக்டரி இயந்திரங்களுக்கே அது மனப்பாடம்.

ஃபெக்டரியில் அவர் சட்டம். வீட்டில் ஜெயந்தினி சட்டம்.

ஜெயந்தினி கொட்டகலைத் தமிழ்ப் பாடசாலையில் கணித ஆசிரியை. முன்பு ஒருநாள் தன் சேலைகளெல்லாம் கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் கிடப்பதையும், அலுமாரியில் மூன்று கெமரா முக்காலிகள் நிமிர்ந்து நிற்பதையும் பார்த்தாள். அன்றைக்கே சட்டம் இயற்றினாள். "கெமரா ஒண்ணு. லென்ஸ் ரெண்டு. மூணாவது லென்ஸ் வீட்டுக்குள்ள வந்தா, கெமரா வீட்டைவிட்டு வெளிய போயிரும்."

ஏற்கெனவே கெமராவில் ஒரு லென்ஸ் இருந்தது. பையில் இரண்டு. கணக்கு அவருக்கும் தெரியும்.

எல்லாம் பைஸர் நானாவால் வந்தது. நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் கைக்கடிகாரம் திருத்தும் கடை அவருடையது. பழைய கெமராவும் திருத்துவார், ஃபிலிமும் கழுவித் தருவார்.

"இந்தா பாருங்க சேர், இது முப்பத்தஞ்சு மில்லிமீட்டர். மரியாதையான லென்ஸ். தன் வேலையப் பாத்துக்கிட்டு இருக்கும். இது இருபத்தெட்டு. இன்னும் அகலம். ஆனா கொஞ்சம் வாயாடி. கூப்பிடாத ஆளையும் படத்துக்குள்ள கூட்டிக்கிட்டு வந்துரும்."

"எது நல்லது நானா?"

"பொண்ணு பாக்க வந்த எடத்துல அக்காவா தங்கச்சியான்னு என்னையக் கேட்டா எப்படி?"

"ரெண்டையும் புடிச்சிருக்கே."

"அது ஆபத்து. இன்னொன்னும் சொல்லிப்புடுறேன். உங்க கெமராவுல நீங்க பாக்குற ஜன்னல் வேற, படம் விழுற கண்ணு வேற. அந்த ஜன்னல் பழைய லென்ஸுக்குன்னு செஞ்சது. இந்த இருபத்தெட்டை மாட்டினா, ஜன்னல்ல தெரியிறதவிட ரெண்டு பக்கமும் கூடவே படத்துல விழும். மேல மாட்டுற தனி ஜன்னல் எங்கிட்ட இல்ல. ஓரத்தை நீங்க மனசால பாத்துக்கணும்."

"மனசால பாக்குறதுல நான் கெட்டிக்காரன்."

"ஒரு கிழமை, ஏழு நாளு, வச்சிப் பாருங்க. ஒண்ண வச்சிக்கிட்டு ஒண்ணக் கொண்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பஸ் தலவாக்கலையைத் தாண்டும்போது சுதாகரன் ஜன்னல் வழியாக வெளியே விட்டுவிட்டார். காசு விஷயம் அவருக்கும் பைஸருக்கும் இடையிலானது. நாம் தலையிட வேண்டாம்.

வீட்டில் ஜெயந்தினி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"ஏங்க, பையில என்ன?"

"லென்ஸ். ரெண்டாவது லென்ஸ். சட்டப்படி."

"சட்டப்படி சரி. எதுக்கு?"

அதற்கான பதிலை அவர் வழியெல்லாம் பாலிஷ் போட்டு வைத்திருந்தார். "குடும்பத்துக்கு! நம்ம முன்ஹோல் சின்னது. பழைய லென்ஸுல நாலு பேருக்கு மேல அடங்க மாட்டாங்க. இதுல எல்லாரும் அடங்குவாங்க."

"நான் அடங்குவேனா?"

சுதாகரன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்த வீட்டு அல்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம், ஒன்பது அல்பம். மூடுபனிக்கு முழுப்பக்கம். பாலத்தில் போகும் ரயிலுக்கு முழுப்பக்கம். ஒரு முருங்கை மரத்துக்குக்கூட, அதுவும் பூக்காத காலத்தில், அரைப்பக்கம். ஜெயந்தினி இருக்கிறாள், இல்லாமலில்லை. ஒரு படத்தில் தோள். ஒன்றில் காதும் தோடும். மற்றவற்றில் எல்லாம் தேத்தண்ணித் தட்டைப் பிடித்த ஒரு கை. எல்லோரும் உட்கார்ந்து, சிரித்து, படமும் எடுத்து முடிகிற நேரத்தில்தான் அவள் சமையலறையிலிருந்து வருவாள். அந்தக் கைக்குச் சொந்தக்காரி யார் என்று ஆயிரம் வருஷம் கழித்துப் பார்ப்பவர்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கும்.

"எல்லாரும்னா எத்தனை பேர் அடங்குவாங்க?" என்றாள்.

"எத்தனை பேர் வந்தாலும்!"

அதுதான் பிழை. கணித ஆசிரியையிடம் எண்ணிக்கை சொல்லாமல் பேசக் கூடாது.

"அப்ப ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு ஆளுங்களையெல்லாம் வரச் சொல்றேன். அம்மா, அண்ணன்மார், சித்தப்பா வீடு, டிக்கோயாவுல இருக்கிறவங்க... இருபத்தாறு பேர்."

ஞாயிறு விடியற்காலையில் இரண்டு லென்ஸையும் எடுத்துக்கொண்டு பனிக்குள் ரயிலைப் பிடிக்கப் போவதாக இருந்தார் சுதாகரன். அந்த ரயில் அவர் நெஞ்சின் மேலேயே ஏறிப் போனது.

போகட்டும். இனி, அவளுக்குக் காட்டாமல் பையிலேயே விட்ட முப்பத்தைந்தை ஒளிக்க வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் லென்ஸை அலுமாரியில் வைத்தால் ஒரே மாரியில் பூஞ்சணம் பிடித்துவிடும். உலர்ந்த இடம் வேண்டும். ஜெயந்தினி கை வைக்காத இடம் வேண்டும். இறுக்கமான மூடி வேண்டும். யோசித்து யோசித்து ஒரு டீமேக்கருக்கு மட்டுமே தோன்றக்கூடிய இடத்தைக் கண்டுபிடித்தார். தேயிலை டின்! மாதத்துக்கு ஒருமுறைதான் அதிலிருந்து சமையலறைப் போத்தலுக்குத் தூள் போகும். அதுவும் நேற்றுத்தான் போயிருந்தது. தோல் உறையோடு லென்ஸை டின்னின் அடியில் புதைத்து, மேலே தூளை மூடி, கை தட்டிக்கொண்டார்.

அந்தத் தோல் உறை யாரோ ஒருவருடைய அலுமாரியில் அந்துருண்டைகளுடன் முப்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டு வந்தது. ஊரையே மிரட்டும் மூக்கு அன்றைக்கு லீவில் இருந்தது.

பாடசாலை டீச்சர்மாருக்கு ஊற்றி ஊற்றி, போத்தலில் தேயிலை தீர்ந்தது அவர் நினைத்ததைவிடச் சீக்கிரம். புதன்கிழமை பின்னேரம் ஜெயந்தினி கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஒரு மிடறு உள்ளே போனதும் சுதாகரனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எப்படியிருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"ஏதோ ஒரு வாசம் வரல?"

"வாசமா? தேயிலை வாசம்தான்."

"வேற மாதிரி இல்ல?"

"ஜெயந்தி, மூக்கு உனக்கா எனக்கா?"

"உங்களுக்குத்தான். அதான் கேட்டேன். அப்ப இன்னொரு கோப்பை ஊத்தவா?"

ஊற்றினாள். குடித்தார். வியாழன் மூன்று கோப்பை. வெள்ளி நான்கு. "எனக்கு வயித்துக்குச் சரியில்லைங்க" என்று சொல்லி அவள் மட்டும் வெறும் சுடுதண்ணீர் குடித்தாள். அதைக் கவனித்திருந்தால் இந்தக் கதை வெள்ளிக்கிழமையே முடிந்திருக்கும். அவர் கவனித்ததெல்லாம், அவளுக்குத் திடீரென்று கெமராவில் ஆர்வம் வந்திருக்கிறது என்பதைத்தான். மகிழ்ந்து போனார்.

"இந்த ஜன்னல்ல பாக்குறதுதானே படத்துல விழும்?" என்று கேட்டாள்.

"அங்கதான் விஷயமே இருக்கு! இந்த லென்ஸுக்கு ஜன்னல் பத்தாது. ரெண்டு பக்கமும் ஓரத்துல இருக்கிறது எனக்குத் தெரியாது, ஆனா படத்துல விழும்."

"அப்ப ஓரத்துல ஒருத்தர் நின்னா?"

"எனக்குத் தெரியமாட்டாங்க. படத்துல முழுசா நிப்பாங்க."

"எந்த ஓரம்? சுவர்ப் பக்கமா, குசினிக் கதவுப் பக்கமா?"

"ரெண்டு பக்கமும்தான். நல்ல மாணவி நீ. ஏன் கேக்குற?"

"சும்மா. படிச்சி வச்சிக்கிறது நல்லதுதானே."

ஞாயிறு வந்தது. இருபத்தாறு பேரும் வந்தார்கள். கதிரைகள் தீர்ந்து, கட்டிலை இழுத்துப் போட்டு, அதுவும் தீர்ந்தது. தேத்தண்ணி சுற்றி வந்தது. மாமியார் வீரம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி ஜெயந்தி, தேத்தண்ணியில பெட்டிச் சேலை வாசம் வருது?"

"எங்கிட்ட ஏம்மா கேக்குறீங்க? டீமேக்கர் அந்தா நிக்கிறாரு."

இருபத்தாறு தலையும் திரும்பின. சுதாகரன் தொண்டையைச் செருமினார்.

"அது... உசரத்துல வெளையிற தேயிலை அத்தை. பனி கூடுன மாசத்துல இப்படித்தான் மணக்கும்."

"எழுபது வருஷமா பனியிலதான் இருக்கேன் மருமகனே. பனி பெட்டிக்குள்ள சேலை மடிச்சி வச்சத நான் பாத்ததில்ல."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. இருபது வருஷத் தொழில் மரியாதை ஒரே கோப்பையில் கரைந்தது. எல்லோரையும் விரட்டி வரிசையில் நிறுத்தி, சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு கெமராவைத் தூக்கினார்.

"ஜெயந்தி, வா! வெளிச்சம் போயிரும்."

"தேயிலை டின்னை மூடிட்டு வாறேன். நீங்க எடுங்க."

டின் என்றதும் அவர் கெமராவைக் கொஞ்சம் கீழே இறக்கினார். ஆனால் அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நீ வேணாமா படத்துல?"

"இருபத்திரண்டு வருஷமா வேணுமான்னு கேக்கல. எடுங்கன்னா எடுங்க."

ஒரு கண்ணை ஜன்னலில் வைத்தார். மறு கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னலுக்குள் பாதிப் பேர்தான் தெரிந்தார்கள்; மீதிப் பேரை மனசால் பார்த்துக்கொண்டார். மனைவி இல்லை. மனதுக்கு ஏதோ போலத்தான் இருந்தது. ஒரு நொடி. பிறகு அழுத்தினார். அந்த நேரம் பார்த்துக் கூட்டம் முழுக்க ஒரே பக்கமாகத் திரும்பிச் சிரித்தது. "அப்படியே இருங்க!" என்று இன்னும் இரண்டு எடுத்தார். கெமராவைக் கீழே இறக்கினபோது, ஜெயந்தினி குசினி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை பேரை ஒரே நேரத்தில் சிரிக்க வைக்கிற கலை தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் அன்று முழுக்க யோசித்தார்.

செவ்வாய்க்கிழமை ஜெயந்தினிக்கு நுவரெலியாவில் ஆசிரியர் கருத்தரங்கு. ஃபிலிமைத் தானே பைஸரிடம் கொடுத்து, கழுவும்வரை இருந்து வாங்கிவருவதாகச் சொல்லிப் போனாள். மத்தியானம் சுதாகரன் பயந்துபோய்ப் போன் எடுத்தார்.

"நானா, அவக்கிட்ட முப்பத்தஞ்சைப் பத்தி வாயே தொறக்காதீங்க."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சேர். சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சமில்லையே."

முதல் பாதியைக் கேட்டதுமே நிம்மதியாகிவிட்டதால், இரண்டாம் பாதி அவர் காதில் ஏறவில்லை.

பின்னேரம் அவள் ஓர் உறையை மேசையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணியையும் வைத்தாள். சுதாகரன் படத்தை வெளியே எடுத்தார்.

நடுவில் இருபத்தாறு பேர். எல்லோரும் வலது பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள். வலது ஓரத்தில், அவருடைய ஜன்னலுக்கு எட்டாத இடத்தில், குசினிக் கதவை ஒட்டி, தலையிலிருந்து கால்வரை ஜெயந்தினி. கல்யாண நாளுக்குக் கட்டுகிற சேலை. தோள் இருந்தது, இரண்டு காதும் இருந்தன, இரண்டு தோடும் இருந்தன. தட்டு இல்லை. உயர்த்திய கையில், தேயிலைத் தூள் ஒட்டிய தோல் உறை. அதன் மேல், பரிசுக் கோப்பையைப் போல, முப்பத்தைந்து.

அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அது. அந்த நிலையிலும் அது அவருக்குத் தெரிந்தது. அதுதான் அவரை ரொம்பவும் வதைத்தது.

"எப்பத் தெரியும்?" என்றார் மெதுவாக.

"புதன்கிழமை. முதல் கோப்பையில."

"அப்புறம் எதுக்கு அத்தனை கோப்பை?"

"நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வெளியே மலை மேலிருந்து பனி இறங்கி, யாரும் படம் எடுக்காமலே போய்க்கொண்டிருந்தது.

"சட்டம்..." என்று இழுத்தார். "கெமரா வெளிய போயிருமா?"

"சட்டம்னா சட்டம்தான். ஞாயித்துக்கிழமை விடிய வெளிய போகுது. எங்க ஸ்கூல் டீச்சர்மார் பதினெட்டு பேர் ட்ரிப் போறோம். நான்தான் படம் எடுக்கிறேன். எப்படி எடுக்கிறதுன்னு பைஸர் நானா சொல்லிக் குடுத்துட்டாரு. நீங்களும் வாங்க, தேத்தண்ணி ஊத்த ஆள் வேணும்."

அவள் முப்பத்தைந்தையும் மேசையில் வைத்தாள். சுதாகரன் இரண்டு லென்ஸையும் கையில் எடுத்தார். கடைசியில் தேர்ந்தெடுக்கும் வேலை வந்தே விட்டது.

"எதை மாட்டட்டும்?"

"அகலமானத மாட்டுங்க," என்றாள் ஜெயந்தினி, விடைத்தாளை எடுத்துக்கொண்டே. "தட்டோட ஓரத்துல நிக்கப் போறீங்க. உங்க கையாவது விழணும்ல?"