சின்னச் சக்கரம்

செயின் சின்னச் சக்கரத்துக்கு இறங்கவில்லை.

பிரதீஸ் நான்காவது முறையாகப் பெடலைச் சுற்றிப் பார்த்தான். திகனயில் அமான் நானாவின் சைக்கிள் கடை. சனிக்கிழமை மாலை நான்கு மணி. அவனுடைய ரேஸ் சைக்கிள் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கியது.

"முன்னுக்கு ரெண்டு பல்சக்கரம் இருந்திச்சு. ஒழுங்கா ஓடிச்சு," என்றான். "நேத்து நீங்க மூணு போட்டீங்க. மூணாவதுக்கு செயின் போகுதில்ல நானா."

அமான் செயினைத் தள்ளும் சிறிய இரும்புக் கூண்டைத் தட்டினார்.

"இந்த டிரெய்லியர் ரெண்டுக்கு செஞ்சது தம்பி. மூணாவது ஒண்டு ஈக்கிண்டு அதுக்குத் தெரியாது."

"அப்ப ஏன் போட்டீங்க?"

"ஏத்தத்துக்கு சின்னது வேணும்டு நீங்க தானே கேட்டீங்க."

கேட்டது உண்மை. மறுநாள் காலை அவன் அம்பிட்டிய ஏற்றத்தில் ஏற வேண்டும். அவன் கட்ட விரும்பும் சஞ்சீவனியின் அண்ணன் சதீஸ் அவனோடு வருவார். அது அவர் வைத்த சோதனை. இறங்கித் தள்ளாமல் மேலே வந்தால் கல்யாணப் பேச்சு. இறங்கினால் பேச்சில்லை. இதற்கு முன் இரண்டு மாப்பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் இரண்டாவது வளைவில் இறங்கினார். மற்றவர் முச்சக்கர வண்டியில் வீடு திரும்பினார். அப்போதெல்லாம் சஞ்சீவனிக்கு நிம்மதி. இந்த முறை அவளுக்குப் பயம்.

அமான் ஒரு திருகாணியைத் தளர்த்தினார். செயின் சின்னச் சக்கரத்துக்கு இறங்கியது. அங்கே நிற்காமல் அதையும் தாண்டி விழுந்து, சட்டத்தில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்தெடுக்க இருபது நிமிடம் ஆனது.

"வேற டிரெய்லியர் போடுவம்."

மூலையில் கிடந்த மலைச் சைக்கிளிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினார். அது மூன்று சக்கரத்துக்குச் செய்தது. செயின் சின்னதிலிருந்து நேராகப் பெரியதற்குத் தாவியது. நடுவில் நிற்கவே இல்லை.

"இது ஏன் நானா?"

"ஹேண்டில்ல ஈக்கிற லீவர் ரேஸ் சைக்கிளுக்குள்ளது. அது இழுக்குற அளவு வேற, இதுக்கு வேணுங்கிற அளவு வேற."

கேபிளை இறுக்கினார். இப்போது செயின் பெரிய சக்கரத்தில் ஏறி உட்கார்ந்தது. லீவரை எப்படித் தட்டியும் இறங்கவில்லை.

"பழைய ரெண்டு சக்கரத்தையே போட்டுருங்க."

"அத வித்தாச்சு."

"எப்ப?"

"காலைல."

தொலைபேசி அடித்தது. சஞ்சீவனி.

"சைக்கிள் சரியா?"

"சரி."

"அண்ணன் காலையில இருந்து காலுக்கு எண்ணெய் பூசிக்கிட்டு இருக்காரு."

"எதுக்கு?"

"நீங்க பயங்கரமா ஓடுவீங்கன்னு சொல்லி வச்சேன். கொஞ்சம் மரியாத கிடைக்கட்டும்னு."

ஞாயிறு காலை ஆறரைக்கு, ஏற்றம் தொடங்கும் வாவிக்கரையில் சதீஸ் நின்றார். நாற்பது வயது. அவர் கெண்டைக்கால்கள் மினுங்கின. அவருடைய சைக்கிளிலும் முன்னுக்கு மூன்று சக்கரம்.

"போவமா?"

"போவோங்க."

முதல் வளைவு வந்தது. பிரதீஸின் தொடைகள் எரிந்தன. அவன் கண் சதீஸின் செயினிலேயே இருந்தது. அவரும் பெரிய சக்கரத்தில்தான் ஏறினார். சின்னதை வைத்துக்கொண்டே அதைத் தொடாமல் ஏறுகிற மனிதர்.

"சின்னதுக்கு மாத்தலியா தம்பி?"

"தேவப்படலிங்க."

"ம்."

"நீங்க மாத்தலியா?"

"நான் மாத்துறதே இல்ல."

இரண்டாவது வளைவு. ஒரு கிழவர் பால் போத்தலோடு நடந்தே அவர்களைக் கடந்து போனார். திரும்பி இருவரையும் பார்த்தார்.

மூன்றாவது வளைவில் சைக்கிள் ஏறக்குறைய நின்றுவிட்டது. பிரதீஸ் பல்லைக் கடித்தான். இன்னும் பத்து மிதி. அதற்கு மேல் அவன் இறங்கித்தான் ஆக வேண்டும். ஏழாவது மிதியில் சதீஸ் மதிலோரம் ஒதுங்கினார். சீட்டிலிருந்து எழாமல் ஒரு காலை மதிலில் ஊன்றினார்.

"இறங்கல தம்பி. ஒரு கோல் எடுக்கணும். ஆபிஸ் விஷயம்."

"ஞாயித்துக்கிழமையா?"

"தண்ணிக் குழாய் வெடிச்சிருக்காம்."

அவர் போனைக் காதில் வைத்து, முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு மெல்லப் பேசத் தொடங்கினார்.

பிரதீஸ் எதிர்ப்புறம் போனான். அவனும் இறங்கவில்லை. மின்கம்பத்தை ஒரு கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு, மறு கையால் அமானின் வீட்டு எண்ணை அழுத்தினான். கையாலேயே செயினை இறக்க ஏதாவது வழி இருக்கும்.

எடுத்தது அமானின் மனைவி பாயிஸா.

"நானா இருக்காரா? அவசரம். செயின் இறங்குதில்ல."

"கொஞ்சம் பொறுங்க தம்பி, அவர் மத்த போன்ல பேசுறார்," என்றாள் பாயிஸா. "அம்பிட்டிய ஏத்தத்துல ஒருத்தர் மாட்டிக்கிட்டு நிக்கிறாராம். அவருக்கும் செயின் சின்னதுக்கு இறங்குதில்லையாம். கூட வந்த மாப்பிள்ள இறங்குற வரைக்கும் அவருக்கும் இறங்க ஏலாதாம்."