சோற்றுக்கு வருகிறவர்களைக் கண்டுபிடிப்பவர்

ஊருக்கு ஒருவராவது இருப்பார். உங்கள் ஊரில் இல்லையென்றால் சற்றுப் பொறுங்கள், வந்துவிடுவார். பள்ளியில் இலவசச் சாப்பாடு என்று காதில் விழுந்ததுமே புருவத்தை உயர்த்தி, மூக்கைச் சுருக்கி, "படிக்கவா வருதுங்க? சோத்துக்கு வருதுங்க!" என்று, பூமி உருண்டை என்பதைத் தானே கண்டுபிடித்ததுபோல அறிவிப்பாரே, அவரைத்தான் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு பல் டாக்டர். ஊரார் மென்று தின்பதால் பிழைப்பவர்; பிள்ளைகள் மெல்லுவது மட்டும் அவருக்குப் பொறுக்காது. பள்ளிக் குழு உறுப்பினர் என்ற உரிமையில் சாப்பாட்டுக் கூடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவுவார். இரண்டாம் தடவை தட்டை நீட்டும் பிள்ளையை முறைப்பார். மீதம் வைக்கும் பிள்ளையை அதைவிட முறைப்பார். பிள்ளைகள் என்னதான் செய்யும்?

ஒருநாள் குழுவில் எழுந்தார். "கொஞ்ச நாள் சாப்பாட்டை நிறுத்திப் பாருங்க. நிஜமா படிக்க வர்றது யாருன்னு தெரிஞ்சிடும்."

"பசியோட எப்படி டாக்டர் படிக்கும்?" என்றார் தலைமையாசிரியை.

"பசிதான் டீச்சர் படிக்கவே வைக்கும்!"

தலையாட்டுவதற்கென்றே வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். சாப்பாடு நின்றது.

வகுப்புகள் பல் விழுந்த வாய்போல ஆயின. வராமல் போனவர்களில் ஒருத்தி, எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்டு, 'கேள்விக்குறி' என்று பெயர் வாங்கியவள். அம்மா இஸ்திரி போடும் சலவைக்கூடத்தில் அவளும் துணி மடிக்கப் போய்விட்டாள். டாக்டருக்கோ முகமெல்லாம் பல். "சொன்னேனா இல்லையா? சோறு நின்னுச்சு, ஆளும் நின்னாச்சு!"

தலைமையாசிரியை வாதாடவில்லை. மதியத்துக்குச் சற்று முன்பு குழுவைக் கூட்டினார். தேநீர் இல்லை, பிஸ்கட் இல்லை. வராத ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலைமையையும் நிதானமாக, மிக நிதானமாக, விவரித்தார். டாக்டர் கடிகாரம் பார்த்தார். நெளிந்தார். அவர் வாய் மூடியிருக்க, வயிறு பேசியது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துடறேனே. தலை சுத்துது. ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது."

யாரோ களுக்கென்று சிரித்தார்.

"நிதானமா சாப்பிட்டு வாங்க. அதுக்குள்ள தீர்மானம் போட்டுடறோம்" என்றார் தலைமையாசிரியை.

மறுநாளே அடுப்பு எரிந்தது. ஆனால் போன பிள்ளைகள் மணியடித்ததும் வந்துவிடுவார்களா? தலைமையாசிரியை சலவைக்கூடத்துக்கே போனார்.

"இங்கன்னா ஒரு வேளை சாப்பாடு நிச்சயம் டீச்சர்" என்றாள் அம்மா, இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே.

"இப்ப அங்கயும் நிச்சயம்மா."

"மறுபடி நிறுத்திட மாட்டீங்களே?"

ஆவிக்கு நடுவே படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏன் டீச்சர் நிறுத்துனீங்க?"

தலைமையாசிரியை விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் அவள் வந்தாள். கல் உடைக்கப் போன அப்பாவோடு ஊரைவிட்டே போன அண்ணன் தம்பி இருவர் வரவேயில்லை.

டாக்டர் திருந்தினாரா? திருந்துகிற இனமாக இருந்தால் எப்போதோ அழிந்திருக்குமே! "அன்னைக்கு நான் எழுந்து போனதே, பசின்னா என்னன்னு உங்களுக்குப் புரிய வைக்கத்தான்" என்று இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயோ, 'ஆனாலும் பாருங்க, அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு' என்று உள்ளே ஒரு குரல் கேட்டிருந்தால், ஒருமுறை கண்ணாடியைப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள். பசியோடு பார்த்தால் அவர் தெரியமாட்டார்.