களைப்பை மைலில் அளந்தவர்

தங்களுக்குக் களைப்பாக இருக்கிறதா என்பதைத் தங்கள் உடம்பிடம் கேட்காமல் ஒரு கருவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு அவர்கள் அதை மணிக்கட்டில் கட்டியிருக்கிறார்கள்; நாடித் துடிப்பு, தூங்கிய நேரம், ஏறிய படி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அது "நேற்று உழைப்பு அதிகம்" என்று சொல்லிவிட்டால், அதுவரை விசிலடித்துக்கொண்டு நடந்தவர் அந்த நிமிடமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு லிஃப்டைத் தேடுவார். இந்த இனம் நேற்று முளைத்தது என்றா நினைக்கிறீர்கள்? இலங்கையிலிருந்து நம் ஜனங்கள் கப்பலேறித் திரும்பிக்கொண்டிருந்த எழுபதுகளிலேயே, நாடுகாணிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இந்த இனத்தின் மூத்தவர் ஒருவர் உலவிக்கொண்டிருந்தார்.

பெயர் மருதாசலம். கோயமுத்தூர்க்காரர், தோட்டத்து சூப்பர்வைசர். ஊட்டியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான் ஏலத்தில் அவருக்கு ஒரு கருவி கிடைத்தது. பாக்கெட் கடிகாரம் அளவில் இருக்கும். பெல்ட்டில் மாட்டிக்கொண்டு நடந்தால் முள் நகர்ந்து எத்தனை மைல் என்று காட்டும். நடைக் கடிகாரம் என்று அவரே பெயர் வைத்தார். அன்றிலிருந்து ஏழு மைலுக்குள் என்றால் நோட்டில் பச்சை மை, ஏழைத் தாண்டினால் சிவப்பு மை. சிவப்பு என்றால் வெந்நீரில் கால், மிளகு ரசம், எட்டு மணிக்குள் படுக்கை. பச்சை நாளில் கண் சொருகினாலும் படுக்க மாட்டார். களைப்பதற்குத்தான் காரணமே இல்லையே!

அந்தக் கருவிக்குக் குலுக்கல் மட்டும்தான் தெரியும். குலுக்கியது காலா பஸ்ஸா என்று தெரியாது. ஒருமுறை ஊட்டிக்குப் போய், கொண்டை ஊசி வளைவுகளிலெல்லாம் குலுங்கிக்கொண்டே திரும்பியவர், வாசலிலேயே உட்கார்ந்து முனகினார்.

"ஏனுங்க, பஸ்ஸுல உக்காந்துதானுங்க வந்தீங்க?" என்றாள் மனைவி மரகதம்.

"உக்காந்துதான் வந்தேன். இதைப் பாரு, ஒம்பது மைலு! வெந்நி வையி."

வைத்தாள். வேறென்ன செய்வாள்?

தன் கால்களை மட்டும் அளந்துகொண்டிருந்தால் அவர் யாருக்கும் தொந்தரவில்லாத மனிதர். ஒரு நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் தெய்வம்மா அவர் முன்னால் வந்து நின்றாள். கண்டியிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த கொழுந்துக்காரி.

"ஐயா, புள்ள பொறந்து மூணு மாசந்தாங்க ஆச்சு. கூடையத் தூக்குனா இடுப்பு விட்டுப் போகுது. நேத்து மலையில ரெண்டு தரம் விழுந்துட்டேன். ஒரு கெழமைக்கு நர்சரியில விடுங்க."

தேயிலை நாற்று வளர்க்கும் நர்சரியில் உட்கார்ந்தபடியே பைகளில் மண் நிரப்பலாம். மருதாசலம் ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். அவரோ பேனாவை எடுக்காமல் பெல்ட்டிலிருந்து கருவியைக் கழற்றினார்.

"வாயில சொல்றதெல்லாம் எதுக்கும்மா? இதைக் கட்டிக்க. பொழுதோட இதே சொல்லிப்போடும்."

அன்று முழுக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கருவி இல்லாமல் தனக்குக் கால் வலிக்கிறதா இல்லையா என்றே அவருக்குப் புரியவில்லை. மாலையில் முள் ஒன்றேகாலில் நின்றது.

"ஒன்னேகால் மைலுக்கு இடுப்பு வலிக்குமாம்மா? நான் தெனம் ஆறு நடக்கறேன்."

சுவர் மாதிரிச் சரிவில், முதுகில் கொழுந்து நிறைந்த கூடையோடு, செடிக்குச் செடி ஓரடி நகர்ந்தவளின் நாளெல்லாம் அந்த ஒன்றேகாலுக்குள் அடங்கிவிட்டது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. தெய்வம்மா கோபப்படவில்லை, அவளுக்குக் கோபத்தைவிட நர்சரிதான் முக்கியம். "நாளைக்கும் ஒருக்கா கட்டிப் பாக்கட்டுங்களா ஐயா?" என்றாள். தனக்கொரு சிஷ்யை கிடைத்த பூரிப்பில் அவரும் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை தெய்வம்மா, தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் புள்ளக் காம்பராவுக்குப் போனாள். அங்கே பிள்ளை பார்க்கும் சின்னம்மையிடம் காதோடு ஏதோ சொல்லிவிட்டு, தொட்டில் கயிற்றில் கருவியைக் கட்டினாள். சின்னம்மை ஆட்டுகிற ஆட்டில் தூண் அதிரும். அன்றைக்கென்று பிள்ளைகளும் மாற்றி மாற்றி அழுதுகொண்டே இருந்தன.

மாலையில் அவள் அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்த கருவியின் முள்ளை மருதாசலம் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முகம் வெளுத்தது.

"பதினாறு மைலு! ஏம்மா, நீ எப்படி உசுரோட நிக்கிறே? மொதல்ல உக்காரு!"

"அதத்தாங்க ஐயா நேத்தே சொன்னேன்."

ஒரு வாரம் கேட்டவளுக்கு இரண்டு வாரத்துக்குச் சீட்டு எழுதினார். நோட்டில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டார். வீட்டுக்குப் போய் மரகதத்திடம், "மனுசன் பொய் சொல்லுவான், மிசின் சொல்லாது. இது மட்டும் இல்லீன்னா அந்தப் புள்ளைக்கு நான் அநியாயம் பண்ணியிருப்பேன்" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். அவர் கண் கலங்கியது நிஜம்.

சிரிக்கிறீர்களா? என்னிடம் அந்த மாதிரிக் கடிகாரமே இல்லை, எனக்கென்ன என்று நினைக்கிறீர்களா? போன வாரம் உங்கள் வீட்டில் ஒருத்தி, "உடம்பு என்னவோ மாதிரி இருக்கு" என்றாள். நீங்கள் அக்கறையாக எழுந்து, அலமாரியைத் துழாவித் தெர்மாமீட்டரை எடுத்து, உதறி, அவள் நாக்குக்கு அடியில் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே, நார்மலாத்தானே இருக்கு" என்றீர்கள்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.