டிப்தீரியா நடத்திய ஸ்ட்ரைக்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையை நாற்பது நிமிடம் நிறுத்திவைத்தவள் நான். எந்தச் சங்கத்திலும் நான் உறுப்பினராக இருந்ததில்லை. உயிரியல் பாடம் நடத்தினேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. பட்டத்தை வாங்கிக்கொண்டு பதுளையில் ஒரு சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்திருந்தேன். முதல் வேலையே ஹல்துமுல்லைப் பக்கம், அப்பா டீமேக்கராக இருந்த தோட்டத்தில். (கொழுந்தைப் பதம் பார்த்துத் தேயிலையாக்கும் பொறுப்பு அவருடையது. அவமானப்படும்போது அப்பாவும் அருகில் இருந்தால்தானே அது முழுமை பெறும்!) வியாழக்கிழமை பிள்ளைகளுக்கு டிப்தீரியா உட்பட மூன்று நோய்களைத் தடுக்கும் முக்கூட்டு ஊசி. ஆனால் அது வேலைநாள். தாய்மாருக்கு அரைநாள் லீவு தரத் தோட்ட நிர்வாகியான துரை மறுத்துவிட்டார். லீவு இல்லையென்றால் ஊசியும் இல்லை. "நான் பேசி வாங்கித் தர்றேன்" என்று பெண்களிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். துரையோ என்னைச் சந்திக்கவே இல்லை. மத்தியானக் கொழுந்தை எடைபோட்ட பிறகு, தொழிற்சாலை முற்றத்தில் பெண்களோடு அரை மணி நேரம் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

நான் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறவள். அன்றைய 'வரக்கூடிய ஆபத்துகள்' பட்டியலில் மூன்று இருந்தன: மழை, அட்டைக்கடி, கேட்பவர்களின் தூக்கம். மூன்றாவதைத் தவிர்க்கத்தான் பாடத்தை நாடகமாக்கினேன்.

"இந்த பெக்டரி மாதிரிதான் உடம்புல ஒவ்வொரு உயிரணுவும். இங்க தேயிலை, அங்க புரதம்" என்று தொடங்கினேன். முடிச்சுகள் போட்ட ஒரு கயிறு. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பெண் ஒரு மணியைக் கோர்க்க வேண்டும். உடனே, கொழுந்து பறிக்கும் செல்லம்மா அக்கா கயிற்றை அடுத்த முடிச்சுக்கு இழுத்துவிட வேண்டும். சேருகிற மணிமாலைதான் புரதம். உயிரணுவுக்குள்ளும் இப்படி இழுத்துவிட ஓர் உதவியாள் உண்டு. டிப்தீரியாக் கிருமி கக்கும் நஞ்சு உள்ளே புகுந்து, அந்த உதவியாள்மேல் சின்னதாக ஒன்றை ஒட்டிவிடும். பிறகு கயிறு நகராது. மாலை பாதியில் நிற்கும். உயிரணு செத்துப்போகும்.

நஞ்சு வேடத்துக்கு, கூட்டத்திலிருந்த மாரியாயி அக்கா தானே முன்வந்தார். சிவப்பு ரிப்பன் சுருள் ஒன்றைக் கொடுத்தேன். செல்லம்மா அக்காவின் மணிக்கட்டில் கட்டினார். நாலே மணியோடு மாலை தொங்கியது. ஒரே கைதட்டல்!

அதோடு விட்டிருக்கலாம். படித்தவளாயிற்றே, விடுவேனா?

"இந்த நஞ்சுக்குக் களைப்பே கிடையாது. ஒரு கையைக் கட்டிட்டு அடுத்த கையைத் தேடிப் போகும். ஒரே ஒரு மூலக்கூறு போதும், மொத்த பெக்டரியும் நின்னுடும்."

"அப்ப எல்லாரையும் கட்டணுமா மிஸ்?" என்றார் மாரியாயி அக்கா.

"ஆமாங்க, சிக்குற எல்லாரையும்! கட்டுப்பட்டவங்க அசையாம உக்காந்துடணும்."

நான் பலகைப் பக்கம் திரும்பி, ஊசி போட்டிருந்தால் நஞ்சு உயிரணுவுக்குள் புகுமுன்பே அதை உடம்பு எப்படிப் பிடித்துவிடும் என்று உற்சாகமாக வரைந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு நிசப்தம். தொழிற்சாலையின் இரைச்சல் நின்றிருந்தது. மாரியாயி அக்காவையும் காணவில்லை.

உள்ளே ஓடினேன். தேயிலை சலிக்கும் பெண்கள் எல்லாரும் சிவப்பு ரிப்பனோடு சிலைபோல உட்கார்ந்திருந்தார்கள். ரோலர் மெஷினுக்கு அருகே, ரிப்பன்கூட இல்லாத ஆண்களும் சம்மணமிட்டிருந்தார்கள்.

"நீங்க ஏண்ணே உக்காந்திருக்கீங்க?"

"தெரியலைங்க மிஸ். பொம்பளைங்க செவப்பு கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. நாங்க மட்டும் மெஷின ஓட்டுனா நல்லாவா இருக்கும்?"

எங்கள் தோட்டங்களில் அப்படித்தான். ஒருவர் வேலையை நிறுத்தினால் முதலில் கூட உட்காருவார்கள். காரணத்தை அப்புறம் விசாரித்துக்கொள்வார்கள்.

அப்பா ஒரு பிடி இலையை முகர்ந்தபடி ஓடிவந்தார். "பாப்பா, எலையெல்லாம் புளிக்குது! அந்தக் கட்ட அவுக்கச் சொல்லு!"

"அவுக்குறதப் பத்தி மிஸ் ஒண்ணும் சொல்லலியே" என்றார் மாரியாயி அக்கா. (அறிவியல்படி அவர் சொன்னதே சரி. அந்த நஞ்சு போட்ட கட்டு அவிழாது.)

அதற்குள் துரையின் ஜீப் வந்துவிட்டது. சோற்றுக் கையோடு சங்கத் தலைவரும் ஓடிவந்தார்.

"ஏன் ஸ்ட்ரைக்? என்னா வேணும்?" என்று துரை கத்தினார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் என் பட்டியலைப் பார்த்தேன். இது அதில் இல்லை. துரையிடம் கேட்பதற்காக மூன்று நாள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

முற்றத்திலிருந்து செல்லம்மா அக்காவின் குரல் வந்தது. கட்டுப்பட்ட கையை அவர் அசைக்கவே இல்லை. "வியாழக்கெழம அரைநாள் லீவு வேணும் தொரை. புள்ளைங்களுக்கு ஊசி போடணும்."

"ஆமா, அதேதான் எங்க கோரிக்க!" என்றார் தலைவர், ஒரு வாரமாக அதற்காகவே போராடியவர் போல.

துரையின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அவ்வளவுதானா? எடுங்க, எடுங்க! மெஷினப் போடுங்க மொதல்ல!"

வியாழக்கிழமை ஒரு பிள்ளையும் தப்பவில்லை. அழுகைச் சத்தம் பெரகல சந்திவரை கேட்டிருக்கும். நான் பதுளைக் காரியாலயத்துக்கு மூன்று பக்கத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதினேன், துணைத் தலைப்புகளோடு.

இன்றும் வீட்டில் நான் எதையாவது நீட்டி விளக்க ஆரம்பித்தால், அப்பா செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"சரி தாயி, வெளக்கம் இருக்கட்டும். கோரிக்கையச் சொல்லு."