பெண் பார்க்கப் போன அம்பாசிடரில் அடித்த காற்று

அரைகுறையாகத் தெரிந்ததை ஊருக்கே விளக்கும் வியாதி எனக்கு உண்டு. அது முற்றிப்போனது நான் பெண் பார்க்கப் போன நாளில்.

செஞ்சி பஜாரில் எங்களுக்கு மளிகைக்கடை. (கடையைவிட அம்பாசிடரைத்தான் அதிகம் துடைக்கிறேன் என்பது என் நைனாவின் குறை.) அன்று பெண் வீடு இருந்த தொண்டூருக்குக் கிளம்பும்போதே வெயில் மண்டையைப் பிளந்தது. பட்டுப்புடவையில் அம்மாவும் வெள்ளை வேட்டியில் நைனாவும் பின்சீட்டில் அவிந்துகொண்டிருந்தார்கள்.

"ஏசி இல்லாத வண்டியில பொண்ணு பாக்கப் போறதா?" என்றார் நைனா.

"இதுக்கு ஏசி இன்னாத்துக்கு நைனா? முன்கண்ணாடிக்குக் கீழ ஒரு மூடி இருக்குது. வண்டி ஓடுனா காத்து அங்கதான் வந்து முட்டும். மூடியத் தூக்குனா நேரா உள்ள வரும். கதவோரம் முக்கோணக் கண்ணாடிய லேசாத் தொறந்தா, உள்ள இருக்கற சூட்ட அது வெளிய இழுத்துடும்."

அம்மாவின் தலை கலையாமலிருக்கப் பெரிய கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. நைனாவே "பரவால்லடா" என்றார். அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

அறுத்த உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி, மணி உதிரப் போகிற வண்டிகளை மிதிக்க விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முன்னால் போன பஸ் அதன்மேல் ஏறியது. சருகும், பொட்டு என்று நாங்கள் சொல்லும் உமியும் மேகமாகக் கிளம்பின. புத்தியுள்ளவன் மூடியைச் சாத்தியிருப்பான். நானோ மூடியின் பெருமையை இரண்டாம் முறை விளக்கிக்கொண்டிருந்தேன்.

அத்தனையும் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து உள்ளே அடித்தது.

"மூடித் தொலடா!" என்று அம்மா அலறினார். பதற்றத்தில் நான் மூடியது முக்கோணக் கண்ணாடியை. வந்தது வெளியே போகிற வழியும் போயிற்று.

உடம்பில் உளுந்துத் தூசி பட்டால் லேசில் விடாது. பெண் வீட்டுக்குள் நுழையுமுன் உதறித் துடைத்தும் பயனில்லை. நைனா கழுத்தைச் சொறிந்தார். அம்மா நாற்காலியில் முதுகைத் தேய்த்தார். நான் இரண்டு கையாலும் சொறிந்தேன். காபியோடு வந்த தேவகியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துப்போனது. அவள் அப்பாவோ தன் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இது ரொம்ப நாளா இருக்குதா?"

"எது?" என்றார் நைனா.

"இந்த அரிப்பு. குடும்பத்துக்கே இருக்குது போல."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடி காதைக் குடைந்தேன். அப்போது தேவகி என் காதை உற்றுப் பார்த்துச் சிரித்தாள்.

"வியாதி இல்லப்பா. காதுல பாரு, உளுந்தம் பொட்டு. காலையில ரோட்டுல நாமதான போட்டோம்!"

அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. கட்டினால் இவளைத்தான் கட்டவேண்டும் என்றும் இருந்தது. கட்டினேன்.

இன்றும் களத்தில் காற்றில்லாமல் உளுந்தைத் தூற்றிப் பொட்டைப் பிரிக்க முடியாமல் போனால் மாமனார் போன் செய்துவிடுவார்.

"மாப்ள, இங்க காத்தே இல்ல. வண்டிய எடுத்துக்குனு வாங்க. மூடியத் தூக்கிட்டு சம்பந்தியம்மாவப் பின்சீட்டுல உக்கார வச்சா போதும், பொட்டெல்லாம் அவங்க மேல போயிடும், மொத்தத்தையும் தூத்திடலாம்."