ஊது வக்கீலும் ஒரு மூடி அரிஷ்டமும்

ஹைதராபாத் ஆட்டோக்காரர்கள் மீட்டருக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. போலீசுக்குக்கூட அவ்வளவாகப் பயப்படமாட்டார்கள். ஆனால் சைனிக்புரி முனையில் கறுப்புக் கோட்டும் மடக்காத குடையுமாக ஒரு மனிதர் கையைத் தூக்கினால் போதும், வரிசையில் நின்ற ஆட்டோக்கள் அத்தனையும் பறந்துவிடும். அவர்தான் ஊது வக்கீல்.

அவருடைய நிஜப் பெயர் வாசல் பலகையில் இருந்தது. பக்கத்து வீட்டில் குடியிருந்த நானே அதைப் படித்ததில்லை. வக்கீலின் அப்பா குஷாய்குடா பக்கத்து அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மகன் பிறந்து வளர்ந்து படித்தது எல்லாம் ஹைதராபாத்தான் என்றாலும், நாக்கு மட்டும் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறவே இல்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர்களுக்காக வாதாடுவதுதான் அவர் தொழில். ஐ.டி. கம்பெனிகள் பெருகப் பெருக பார்களும் பெருகின, மூச்சுக் கருவியோடு போலீசும் ரோட்டுக்கு வந்தது. வக்கீல் வீட்டு வாசலில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பையன்கள் தலைகுனிந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

"எல்லாப் பயலும் ஒண்ணத்தாம்வே சொல்லுதான். 'ரெண்டே ரெண்டு பெக் சார்'ங்கான். மூணுன்னு சொன்னவனை நான் இன்னும் கண்ணால பாக்கல" என்பார்.

இப்படிக் கேஸ் கேஸாகப் படித்ததில் மனிதருக்கு உலகத்தில் எந்த டிரைவர் மீதும் நம்பிக்கை போய்விட்டது. ஆட்டோவில் ஏறுமுன் டிரைவர் மூஞ்சிக்கு நேரே தன் மூக்கைக் கொண்டுபோய், "மியா, ஜரா ஃபூங்கோ" என்பார். கொஞ்சம் ஊது என்று அர்த்தம். "நக்கோ சாப், நக்கோ!", வேண்டவே வேண்டாம் என்று அவன் கிக்கரை உதைத்துக்கொண்டு ஓடுவான். ஹைதராபாத் பஸ் டிரைவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். அவர் படியில் கால் வைத்ததுமே தாங்களாக ஒரு ஊது ஊதிவிட்டு கியரைப் போடுவார்கள். ஒரு கண்டக்டர் ஆசைப்பட்டுத் தானும் ஊதினார். "நீரு ஓட்டலியே, உமக்கு எதுக்குவே?" என்று வக்கீல் அவரைத் தள்ளிவிட்டார். ஏறியபிறகும் உட்காரமாட்டார். டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கும்வரை கண் சிமிட்டாமல் ரோட்டைப் பார்த்தபடி நிற்பார்.

அவருடைய தங்கை மகள் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மண்டபத்துக்குப் போகிற காரை மாப்பிள்ளையின் அப்பாவே ஓட்டுவதாக ஏற்பாடு. பட்டு வேட்டியும் சந்தனமுமாக அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிறார். நம் ஆள் ஜன்னலில் குனிந்து, "சம்பந்தி, கொஞ்சம் ஊதுங்க" என்றாரே பார்க்கலாம்! மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். சம்பந்தி முகம் சிவந்து, இறங்கி, துண்டை உதறி, "இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்கிறவரை போய்விட்டது. தங்கை காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் வக்கீல் அசையவில்லை. கடைசியில் சம்பந்தி ஆத்திரத்தில் விட்ட பெருமூச்சே பரிசோதனைக்குப் போதுமானதாக இருந்தது. "சுத்தம். ஏலக்காய் வாசனைதான் வருது" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, தான் மட்டும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார்.

கட்சிக்காரர்களிடமும் இதே பிடிவாதம்தான். முதல் கேள்வி, "குடிச்சீரா?" குடித்தேன் என்றால், "நாளைக்குக் கோர்ட்டுல அதையே சொல்லும். நான் பக்கத்துல நிக்கேன், வாயத் தொறக்க மாட்டேன்" என்பார். குடிக்கவில்லை என்று அவருக்குப் பட்டுவிட்டால் தீர்ந்தது. நீதிபதியே "விடுங்க வக்கீல் சார்" என்றாலும் விடமாட்டார்.

அப்படி அவர் விடாத கேஸ் ஒன்றில் நான் சாட்சி.

அப்போது என்னை ஆபீசுக்கு அழைத்துப்போன கேப் டிரைவர் முருகேசன், கிருஷ்ணகிரிக்காரன். சொந்தக் கார், கம்பெனி ஒப்பந்தம், புதிதாகப் பிறந்த பெண் குழந்தை. பீடிகூடப் பிடிக்காதவன். ஒரு சாயங்காலம் குஷாய்குடாவில் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "ஒரு நிமிஷம் சார், பாப்பாவைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே ஓடினான். வந்தபோது காரெல்லாம் நாட்டுமருந்துக் கடை வாசனை. அடுத்த முனையிலேயே போலீஸ். ஊதச் சொன்னார்கள், ஊதினான், கருவி அலறியது.

"மருந்து சார்! கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு, கால் மணி நேரம் கழிச்சு இன்னொரு வாட்டி ஊதறேன் சார்!" என்று கெஞ்சினான். பின்னால் நீண்ட வரிசை. மருந்து என்று சொல்லாதவர் அந்த வரிசையில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். காரையும் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். லைசென்ஸ் ரத்தானால் கம்பெனி ஒப்பந்தம் போகும், பிழைப்பே போகும். நான் அவனை நேராக ஊது வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"குடிச்சீரா?"

"குடிச்சேன் சார்."

"சோலி முடிஞ்சுது. போயி ஒத்துக்கிடும்."

"சாராயம் இல்ல சார். அரிஷ்டம்."

வக்கீல் நிமிர்ந்தார். முருகேசன் கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தைக் கக்கினான். பிரசவத்துக்கு உதவியாக ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். வரும்போதே பெண்ணுக்காக ஒரு பாட்டில் அரிஷ்டம், புளிக்கவைத்த பிரசவ மருந்து, கொண்டுவந்திருந்தார். வேளைக்கு ஒரு மூடி. பெண்ணுக்கு அந்த வாசனையே குமட்டல். மாமியாரோ பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மருந்து இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிற ஆள். மனைவி கண்ணைக் கசக்கினாள், இவன் அவளுடைய பங்கை விழுங்க ஆரம்பித்தான்.

"கீழ ஊத்தித் தொலைக்க வேண்டியதுதானவே?"

"மருந்து சார். எப்படி சார் ஊத்தறது?"

வக்கீல் முகத்தில் அப்போது தெரிந்த சந்தோஷத்தை, ஜெயித்த கேஸ்களில்கூட நான் பார்த்ததில்லை. "மாமியாரைக் கூண்டுல ஏத்துவோம்" என்றார்.

முருகேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "சார், லைசென்ஸ் போனாலும் போவுது. அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம் சார்!"

"போனாப் போவுதா? பச்ச உடம்புக்காரியையும் பிள்ளையையும் எதை வச்சுவே காப்பாத்துவீரு?" வக்கீல் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டு நாய் குரைத்தது. "உம்ம மாமியாருக்கு நீரு பயப்படும். நான் பயப்பட மாட்டேன்."

"சார், அந்தம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிரலாமே?" என்றேன்.

"நக்கோ! பொய்யைத்தாம்வே சொல்லிக் குடுக்கணும். கோவம் தானா வரும்."

மாமியாரிடம் அவர் சொன்னது, மிச்ச அரிஷ்டத்தோடு கோர்ட்டுக்கு வந்து மாப்பிள்ளை நல்லவர் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பது மட்டும்தான். அந்தம்மாளும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். நீதிபதி சித்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகவே புரியும். மாமியார் கூண்டில் ஏறியதும், "எங்க மாப்ள தங்கமானவருங்க, ஒரு கெட்ட பழக்கம் கிடையாதுங்க" என்று ஆரம்பித்தார்.

"ஹவ், ஹவ்" என்று ஆமோதித்தார் வக்கீல். "அம்மா, இந்த அரிஷ்டத்தைத் தெனமும் குடிச்சது யாரு?"

"எம் பொண்ணு."

"உங்க பொண்ணு ஒரு மூடிகூடக் குடிக்கல. அம்புட்டும் உங்க மருமகன்தான் குடிச்சாரு."

மாமியார் பாட்டிலைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். முருகேசன் தூணுக்குப் பின்னால் போனான்.

"ஏம் மாப்ள! புள்ள பெத்தவளுக்கு வச்ச மருந்த நீயா குடிச்ச? பாலு பத்தலேன்னு புள்ள அழுவுது, நான் ஊர்ல இருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கிட்டுக் கிடக்கிறேன், நீ இங்க மூடி மூடியா உள்ள தள்ளிக்கிட்டு இருந்தியா?"

கூண்டை விட்டு இறங்கி வந்தே விட்டார். இரண்டு கான்ஸ்டபிள்கள் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, ஏதோ கோப்பைத் தேடுவதுபோலக் குனிந்தார். முருகேசன் குடித்தது அரிஷ்டம்தான் என்பதில் அதன்பின் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்தது போலீஸ் கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருந்த அந்த மூச்சுக் கருவி. வக்கீல் அனுமதி வாங்கி, அதே பாட்டிலிலிருந்து ஒரு மூடி அரிஷ்டத்தைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டார். ஆயுளில் மதுவாடை படாத மனிதர். கண்ணில் நீர் வர, இருமிக்கொண்டே ஊதினார். கருவி அலறியது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, கால் மணி நேரம் நின்று, மறுபடி ஊதினார். பூஜ்யம்.

"வாயில ஒட்டிக்கிட்டிருந்தது தவிர ஒண்ணுமில்ல கனம் நீதிபதி அவர்களே. அவன் கேட்டதும் இந்தக் கால் மணி நேரத்தைத்தான்."

அவன் கேட்டான் என்று நானும் சாட்சி சொன்னேன். விடுதலை. லைசென்ஸும் அன்றே கைக்கு வந்தது.

காரைத் திரும்ப எடுக்க ஸ்டேஷனுக்குப் போனோம். நாள்பட நின்றதில் பேட்டரி செத்திருந்தது. நானும் மாமியாரும் கறுப்புக் கோட்டு வக்கீலும் சேர்ந்து தள்ளினோம். தள்ளுகிற நேரத்திலும் அந்தம்மாள் மாப்பிள்ளையைத் திட்டுவதை நிறுத்தவில்லை. வண்டி கிளம்பியதும் வக்கீல் கையைத் தட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

முருகேசன் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. வழக்கம் தெரிந்தவன் ஆயிற்றே, குனிந்து வாயைத் திறந்தான். "சார், ஊதறேன் சார். நம்ம வண்டியில வாங்க சார்."

வக்கீல் அவன் வாயைக் கையால் மூடினார். "கதவைத் தொறவே" என்றார்.

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்சீட்டில் மாமியார், "மூடி மூடியா குடிச்சிருக்கியே" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவது சிக்னல் வருவதற்குள் முன்சீட்டிலிருந்து குறட்டை கேட்டது. ஓடுகிற வண்டியில் அந்த மனிதர் கண்ணை மூடி நான் பார்த்தது அன்றுதான். முருகேசனும் அதைப் பார்த்தான். அதன்பிறகு சைனிக்புரிவரை ஒரு தடவைகூட அவன் ஹாரன் அடிக்கவில்லை.

"அந்த ஒரு மூடி அரிஷ்டம்தாம்வே ஆளை அசத்திப்போட்டுது" என்று பிற்பாடு என்னிடம் பலமுறை சாதித்தார். நான் குறுக்கு விசாரணை எதுவும் செய்யவில்லை.