முட்டை நடுவில் நின்ற மேசை

"மேசை ரொம்ப நல்லா இருக்கு தம்பி," என்று தார்சினி அம்மாள் வீடு தேடி வந்து சொன்னதும் தச்சன் கஸ்முரி பயந்துபோனான்.

தச்சர்கள் நிறைந்த ஜெப்பாரா ஊர்ப் பக்கம் யாரும் குறையைக் குறையாகச் சொல்லமாட்டார்கள். போன வருடம் கிராமத் தலைவர் ஒரு நாற்காலி வாங்கிப் போனார். "உன் நாற்காலில உக்காந்தா தூக்கமே வர்றதில்லப்பா," என்று மூன்று முறை வந்து பாராட்டினார். கஸ்முரி பூரித்துப் போய் மூன்று முறையும் காப்பி கொடுத்தான். நாற்காலியின் முதுகில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது நாலாவது மாதம்தான் அவனுக்குத் தெரிந்தது. ஊருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

தார்சினி அம்மாள் உப்பு முட்டை போட்டு விற்கிறவர். வாத்து முட்டைகளைக் கழுவி, செங்கல் பொடியும் உப்பும் குழைத்துப் பூசுகிற கொட்டகைக்குத்தான் அந்தத் தேக்கு மேசையைச் செய்து வாங்கியிருந்தார்.

"முட்டைய எங்க வச்சாலும் தானா உருண்டு நடுவுல வந்து நின்னுக்குது. ஒண்ணுகூடக் கீழ விழறதில்ல. அதான் நான்..."

"போதும்மா, போதும்!" கஸ்முரி பதறி எழுந்தான். "எனக்குப் புரிஞ்சுபோச்சு. நாளைக்கே வந்து மேல்பலகையக் கழட்டிட்டு வந்துடறேன்."

"அதெல்லாம் எதுக்குத் தம்பி? உங்களுக்குத்தான் சிரமம்."

"ஒரு சிரமமும் இல்லம்மா!"

முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி அவருக்கும் பழக்கமில்லை. கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். "சரி, உங்க இஷ்டம்," என்று எழுந்து போய்விட்டார்.

உள்ளேயிருந்து மனைவி ருமினி வந்தாள். "கேட்டீங்களா? 'உங்க இஷ்டம்'ங்கறாங்க! எவ்வளவு கோவம் இருந்தா அந்தம்மா வாயில அது வரும்?"

"கேட்டேன், கேட்டேன்."

"என்ன வேணா செய்ங்க. என் பலகைல மட்டும் கை வச்சுடாதீங்க."

அவள் பலகை என்றது சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்த அகலமான பழந்தேக்கு. அதில் அவளுக்கு ஓர் அலமாரி செய்து தருவதாகக் கஸ்முரி சொல்லிப் பதினோரு வருடம் ஆகிறது. அவளுடைய துணிமணி இன்னமும் அட்டைப் பெட்டியில்தான் இருந்தது.

மறுநாள் மேசையின் மேல்பலகையைக் கழற்றிப் பார்த்ததில், நடுவில் விரல் கனத்துக்குக் குழிந்திருந்தது. அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் அடிக்காமல் விட்டவன் அவன்தான். கொட்டகைத் தரையின் ஈரம் அடியில் ஏறி, மேல்பக்கம் காய்ந்து, பலகை வளைந்துவிட்டது. குழிந்த பக்கத்தை ஈரச் சாக்கின் மேல் கவிழ்த்து, முதுகில் வெயில் படும்படி தன் வீட்டு முற்றத்தில் போட்டான். இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் படியில் பேச்சு களைகட்டிவிட்டது.

திரும்பி வந்து பலகையைப் புரட்டிப் பார்த்தபோது குழி போய், மேடு வந்திருந்தது. ருமினி ஒரு முட்டையை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். அது உருண்டு போய்த் தரையில் உடைந்தது.

"முந்தி நடுவுலயாவது நின்னுச்சு," என்றாள்.

மேட்டின் மேல் எட்டு சிமெண்ட் கற்களை ஏற்றினான். இரண்டு நாளில் மேடு அடங்கி, ஒரு மூலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டது. கடுப்பில் அடியில் மூன்று சட்டங்களைக் கொடுத்து, இருபத்துநான்கு திருகாணி போட்டு முறுக்கினான். மரம் அசைய இடம் விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அவன். மறுநாள் மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது, வெளியே 'டப்'பென்று சத்தம் கேட்டது. பலகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பிளந்திருந்தது.

கஸ்முரி சமையலறைச் சுவரைப் பார்த்தான்.

"அங்க பாக்காதீங்க," என்றாள் ருமினி.

"நாற்காலி விஷயத்துலயே சிரிச்சாங்க. இதுவும் சேர்ந்தா நம்மகிட்ட எவன் வேலை குடுப்பான்?"

அவள் சோற்றுப் பானையை மூடிவைத்தாள். "எடுத்துக்குங்க. எங்க அம்மா வீட்ல அலமாரி இருக்கு, நான் அங்க போயிக்கறேன்," என்றாள்.

போகவில்லை. பலகையை ஒரு தடவை துடைத்து அவளே தூக்கிக் கொடுத்தாள். கஸ்முரிக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மூன்று நாள் இழைத்தான். இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்தான். கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பூட்டி, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்தான். குமிழி நடுவில் அசையாமல் நின்றது. இந்த ஜென்மத்தில் இவ்வளவு மட்டமான பலகையை அவன் செய்ததில்லை என்று தோன்றியதுமே, சே, மட்டமான என்றால் வேறு அர்த்தமும் உண்டே என்று மனதுக்குள் திருத்திக்கொண்டான்.

தார்சினி அம்மாள் மேசையைத் தடவிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு தம்பி." கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வைத்தார். அது கொஞ்சம் யோசித்து, மெதுவாக உருண்டு, விளிம்பைத் தாண்டி விழுந்தது.

"பரவால்ல, பரவால்ல. இருங்க, காப்பி கொண்டுவரேன்," என்று உள்ளே போய்விட்டார்.

அவருடைய மருமகள் துணியோடு வந்து தரையைத் துடைத்தாள். அவள் கடலுக்கு அப்பால் மேடான் நகரப் பக்கத்துப் பெண். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற ஊர்.

"ஏண்ணே," என்று நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு அத்தை உங்க வீட்டுக்கு வந்ததே, அதே மாதிரி குழிஞ்ச மேசை இன்னும் நாலு வேணும்னு கேக்கத்தானே?"